கடுகும் அதன் காரமும்

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது நம் நாட்டுப் பழமொழி. உருவத்தால் சிறியவரை இகழலாகாது என்பதற்கு அதனை எடுத்துக் காட்டுவோம். அக்கருத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், கடுகுக்குள் காரம் அடங்கியிருக்கிறது என்று பழமொழி கொள்கிறதே, அச்செய்தி மட்டும் ஆராயத் தக்கது. உடையாத கடுகினுள் காரமென்னும் பொருள் இல்லை. காரத்தைத் தோற்றுவிக்க வல்ல இரு பொருள்கள் அங்கே தனித்தனியே வைக்கப்பட்டிருக்கின்றன. விதை உடைந்து, ஈரம் பட்டு, அவை இரண்டும் ஒன்றோடொன்று கலந்த பின்னரே காரம் பிறக்கிறது. கடுகை நாம் எவ்வாறு கையாளுகிறோம் என்பதைப் பொறுத்தே அது நமக்கு என்ன தரும் என்பது அமைகிறது. கடுகுக்கு மட்டுமின்றி முட்டைக்கோசு, பூக்கோசு, முள்ளங்கி, நூற்கோல் ஆகிய அதன் சுற்றத்தார் அனைவர்க்கும் இது பொருந்தும்.

நேயர்கள் தத்தம் வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். சிறிதளவு கடுகை ஈரமில்லாமல் பொடி செய்து முகர்ந்து பாருங்கள். மணம் மிகக் குறைவாகவே இருக்கும். அப்பொடியில் ஒரு பகுதியை எடுத்துக் குளிர்ந்த நீர் விட்டுக் குழைத்துப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். மூடியைத் திறந்ததும் மூக்கில் சுருக்கென்று ஏறும். கண்ணில் நீர் துளிர்க்கும். மற்றொரு பகுதியைக் கொதிக்கும் நீர் விட்டுக் குழைத்துப் பாருங்கள். அதில் அந்த வேகம் தோன்றாது. சிறிது கசப்பே தங்கும். இரண்டும் ஒரே பொடிதான். நீரின் வெப்பம் ஒன்றே வேறுபட்டது. அவ்வெப்பம் எதனை அழித்தது என்று கேட்டால், கடுகின் மறைபொருள் வெளிப்பட்டுவிடும்.

கடுகின் உயிரணுக்களில் கந்தகம் கலந்த ஒருவகைச் சேர்மம் சேமித்து வைக்கப்பட்டுள்ளது. ரசாயன நூலார் அவ்வகையைக் குளுக்கோசினோலேட் என்பர். குளுக்கோசுச் சர்க்கரை ஒன்று கந்தக அணுவின் வழியாக மற்றப் பகுதியுடன் பிணைந்திருப்பதால் அப்பெயர் பெற்றது. இதுவரை கண்டறியப்பட்டவை நூற்று முப்பதுக்குக் குறையா. கருங்கடுகில் மிகுதியாக உள்ளது சினிக்ரின். நாம் அன்றாடம் பயன்படுத்தும் நாட்டுக் கடுகில் சினிக்ரினோடு அதன் நெருங்கிய உறவாகிய குளுக்கோநாப்பினும் உண்டு. இவை தம்மளவில் மூக்கைத் துளைப்பன அல்ல. நாவில் வைத்தால் கசப்பன.

இவற்றினின்றும் விலகி, வேறு இடத்தில் மைரோசினேஸ் என்னும் என்சைம் இருக்கிறது. என்சைம் என்பதை இந்நாளில் நொதி எனத் தமிழாக்குகிறோம். தான் மாறாமலேயே பிறிதொரு பொருளின் மாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம் அது. ஒரே வீட்டில் இரு அறைகளில் வெடிமருந்தும் தீக்குச்சியும் தனித்தனியே இருப்பது போல இவ்விரண்டும் வாழ்கின்றன. அரைக்கும்போது அறைச்சுவர் இடிகிறது. நீரின் துணையோடு நொதியானது சர்க்கரைப் பகுதியை வெட்டி விலக்குகிறது. எஞ்சிய பகுதி நிலைத்து நிற்க இயலாது, சல்பேட்டை உதிர்த்துவிட்டுத் தன் அணுக்களைத் தானே இடம் மாற்றி அமைத்துக்கொள்கிறது. அவ்வாறு அமைந்த புதுப்பொருளே ஐசோதயோசயனேட் என்பது. சினிக்ரினிலிருந்து பிறப்பது அல்லைல் ஐசோதயோசயனேட். நாம் கடுகின் காரம் என்று உணர்வது இதனையே. கொதிநீர் அழித்தது நொதியை. நொதி அழிந்தமையால் காரம் பிறக்க வழியில்லாது போயிற்று.

இவ்வுண்மை ஒரு நாளில் வெளிப்பட்டதன்று. 1840-ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரத்து மருந்தியல் அறிஞர் புஸ்ஸி என்பார் கருங்கடுகிலிருந்து இவ்விரு பொருள்களையும் தனித்தனியே பிரித்தெடுத்தார். 1897-இல் ஜெர்மானியரான காடமர் சினிக்ரினுக்கு ஓர் அணு அமைப்பை வகுத்தார். அதனை ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் உலகம் ஏற்றுக்கொண்டிருந்தது. 1956-இல் அமெரிக்காவில் எட்லிங்கர், லண்டீன் என்னும் இருவர் அவ்வமைப்பு பிழையுடையது என்று காட்டிச் சரியான அமைப்பை நிறுவினர். சர்க்கரையை இழந்த பகுதி தன்னைத் தானே திருத்தியமைத்துக் கொள்ளும் விந்தை அப்போதுதான் தெளிவாயிற்று. நொதியின் முழு வடிவம் புலப்பட 1997 வரை காத்திருக்க நேர்ந்தது. கையளவு கடுகின் காரத்தை விளங்கிக்கொள்ள ஒன்றரை நூற்றாண்டு உழைப்பு வேண்டியிருந்தது.

இனி, நம் சமையலறைக்கு வருவோம். தமிழ்நாட்டில் கடுகு முதன்முதலில் விழுவது காய்ந்த எண்ணெயில். அது வெடிக்கும்போதே நொதி அழிந்துவிடுகிறது. நமக்குக் கிடைப்பது வறுபட்ட விதையின் இனிய மணமே. ஆகவே, சாம்பாரிலும் பொரியலிலும் நாள்தோறும் கடுகை உண்டும், அதன் காரத்தோடு நமக்கு நெருங்கிய பழக்கம் இல்லை. மாவடுவில் சேரும் பச்சைக் கடுகுப் பொடியும், பச்சைக் கடுகை அரைத்துக் கலக்கும் வெள்ளரிக்காய்ப் பச்சடியும் போன்ற சிலவே நாம் அக்காரத்தை அறியும் இடங்கள். ஆந்திரரின் ஆவக்காயும் அவ்வகையினது. ஆவ என்பதற்குத் தெலுங்கில் கடுகு என்றே பொருள்.

கல்கத்தாவில் குடியேறிய தமிழரின் அனுபவம் வேறு. அங்கே கடுகைக் குளிர்ந்த நீர் தெளித்து விழுதாக அரைக்கின்றனர். அவ்விழுதில் இலிஷ் மீனையும் காய்களையும் சமைக்கின்றனர். கசுந்தி என்னும் புளித்த கடுகுத் துவையலைச் சோற்றோடும் கீரையோடும் உண்கின்றனர். தில்லி, இராஜஸ்தானம், பீகார் ஆகிய பகுதிகளில் செக்கிலாட்டிய கடுகெண்ணெயே சமையலுக்கு அடிப்படை. செக்கில் விதை நசுங்கும்போது ஈரமும் உடனிருப்பதால் காரப்பொருள் பிறந்து எண்ணெயோடு கலந்துவிடுகிறது. அவ்வெண்ணெயைப் புகை எழும் வரை காய்ச்சிய பின்னரே பலர் சமைக்கின்றனர். காரப்பொருள் எளிதில் ஆவியாகும் தன்மையுடையதாதலின் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. ஊறுகாய்க்கு மட்டும் காரம் வேண்டுமென்று காய்ச்சாமலோ, காய்ச்சி ஆறவைத்தோ பயன்படுத்துவோரும் உளர். தென்னாட்டுத் தாளிதமும் வங்காளத்து விழுதும் வடநாட்டு எண்ணெயும் ஒரே ரசாயன வினையை மூன்று வெவ்வேறு இடங்களில் நிறுத்துகின்றன. நாம் அது தொடங்குமுன் தடுத்துவிடுகிறோம். வங்காளியர் அதனை முழுமையாக நிகழவிடுகின்றனர். வடநாட்டார் நிகழவிட்டுப் பின்னர் வேண்டுமளவு விரட்டுகின்றனர்.

வெளிமாநிலத்திற்கு முதன்முதலாக வரும் நம்மவர் பலர், அண்டை வீட்டாரின் அடுப்பிலிருந்து வரும் கடுகெண்ணெய் மணத்தைப் பொறுக்கவொண்ணாது சன்னலைச் சாத்துவர். நமக்குப் பழகாத உணவு என்பதன்றி அதில் வேறு குறையில்லை. நாம் தாளிக்கும்போது மிளகாயிலிருந்து எழும் நெடியைக் கண்டு அவர்கள் இருமுவதும் உண்டன்றோ?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இங்கே ஒரு சொல்லாராய்ச்சி தோன்றுகிறது. மிளகாய்க்கும் மிளகுக்கும் இஞ்சிக்கும் கடுகுக்கும் நாம் காரம் என்ற ஒரே சொல்லை வழங்குகிறோம். வங்காளியர் மிளகாயின் காரத்தை ஜால் என்றும், கடுகின் காரத்தை ஜாஞ்ஜ் என்றும் பிரித்துரைப்பர். அப்பிரிவு விஞ்ஞானத்திற்கும் ஒத்தது. மிளகாயின் காரப்பொருள் ஆவியாவதில்லை. நாவிலேயே தங்கி நெடுநேரம் எரிக்கும். கடுகின் பொருளோ ஆவியாகி மூக்கிற்கு ஏறும். ஏறிய விரைவிலேயே தணியும். இவ்விரண்டையும் நரம்புகள் வெவ்வேறு வாயில்களின் வழியாக உணர்கின்றன. மிளகாய்க்குரிய வாயிலை 1997-இல் கலிபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டனர். கடுகின் எரிச்சல் வேறொரு வாயிலின் வழியே உணரப்படுகிறது என்று அதே குழுவினர் 2004-இல் காட்டினர். ஜூலியஸ் 2021-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். ஜாஞ்ஜ் என்பதற்கு நேரான சொல் நம்மிடம் இல்லையென்று வருந்த வேண்டியதில்லை. நெடி என்னும் நம் சொல் அதனைப் பெரிதும் தாங்கும்.

செடிகள் இத்துணை ஏற்பாட்டை எதற்காகச் செய்துகொண்டன? மனிதன் சுவைப்பதற்காக அல்ல என்பது வெளிப்படை. ஓடவும் ஒளியவும் இயலாத செடிக்கு இது படைக்கலம். புழு இலையைக் கடிக்கும் அந்நொடியில், கடித்த அவ்விடத்தில் மட்டும் நஞ்சு பிறக்கிறது. முன்னரே நஞ்சைச் செய்து வைத்தால் செடிக்கே கேடு விளையலாம். ஆதலின் பாதி செய்த நிலையில் இரு பொருளாக வைத்திருக்கிறது. 1984-இல் லூத்தி, மத்தீல் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இதற்குக் கடுகெண்ணெய்க் குண்டு என்று பெயரிட்டனர்.

படைக்கலம் உண்டெனில் அதனை வெல்லும் சூழ்ச்சியும் உண்டு. முட்டைக்கோசைத் தின்னும் வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுக்களுக்கு இக்கந்தகச் சேர்மமே உணவின் அடையாளம் என்று 1910-இலேயே டச்சு அறிஞர் வெர்ஷாஃபெல்ட் காட்டினார். புழு தொடாத வேறு செடியின் இலையில் அச்சேர்மத்தைத் தடவினால் புழு அதனையும் தின்றது. நம் நாட்டுக் கோசுத் தோட்டங்களைப் பாழாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவிடம் வேறொரு நொதி உள்ளது. செடியின் நொதி வந்து சேருமுன்னரே, அது அச்சேர்மத்தின் சல்பேட்டைக் கழற்றிவிடுகிறது. பின்னர்ச் செடியின் நொதிக்கு வேலையில்லை. 2002-இல் வெளியான கண்டுபிடிப்பு இது. முட்டைக்கோசைத் தாக்கும் அசுவினிப் பூச்சி இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. செடியின் கந்தகச் சேர்மத்தை உறிஞ்சித் தன் உடலில் சேமித்து, தானே செய்த நொதியை வேறிடத்தில் வைத்துக்கொள்கிறது. அதனைக் கடித்து நசுக்கும் எதிரியின் வாயில் கடுகுக் காரம் பிறக்கும்.

இப்படைக்கலம் கடுகுக் குடும்பத்தோடு நின்றுவிடவில்லை. அக்குடும்பத்திற்குத் தூரத்து உறவினவாகிய முருங்கையிலும் பப்பாளி விதையிலும் இத்தகைய சேர்மங்கள் உள்ளன. முருங்கை வேரை நசுக்கினால் எழும் நெடியைக் கண்டே, ஐரோப்பாவில் காரத்திற்குத் துருவியுண்ணும் ஒரு கிழங்கின் பெயரை ஆங்கிலேயர் முருங்கை மரத்திற்கு இட்டனர். வயலோரங்களில் மஞ்சள் பூப்பூக்கும் ஒரு களைச்செடிக்கு நம் நாட்டார் நாய்க்கடுகு என்று பெயரிட்டுள்ளனர். தாவர நூலாரும் அதனைக் கடுகின் அண்டைக் குடும்பத்தில் வைக்கின்றனர்.

இனி உடல்நலத்தைக் கருதுவோம். முட்டைக்கோசு தைராய்டு சுரப்பிக்குத் தீங்கு என்ற அச்சம் நம்மிடையே பரவியுள்ளது. இதற்கு ஓர் அடிப்படை உண்டு. 1928-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர், முட்டைக்கோசையே முதன்மை உணவாகப் பெற்ற முயல்களுக்கு முன்கழுத்துக் கழலை தோன்றியதைக் கண்டனர். 1949-இல் கோசுக்கிழங்கிலும் அதன் இனத்து விதைகளிலுமிருந்து தைராய்டின் வேலையைத் தடுக்கும் கோய்ட்ரின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவும் நாம் முன்சொன்ன நொதியின் வினையாற் பிறப்பதே.

எனினும் அளவை மறந்து அஞ்சுதல் தகாது. 2010-இல் ஒரு மருத்துவ இதழ், முதுமாது ஒருவர் நாள்தோறும் ஒரு கிலோவுக்குக் குறையாமல் சீனக்கோசைப் பச்சையாகவே பல மாதம் உண்டு, தைராய்டு சுரப்பு ஒடுங்கி ஆபத்தான நிலையை அடைந்ததை வெளியிட்டது. அத்தகைய அளவில் நம்முள் யாரும் உண்பதில்லை. சமைக்கும்போது நொதியும் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. நம் நாட்டில் கழலை நோயின் முதற்காரணம் அயோடின் குறைவு. இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடன் பணியாற்றியோரும் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் அந்நோய் குறைகிறது என்று ஐயமற நிறுவியது. அதன் பயனாக 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கிற்று. ஆகவே, அயோடின் சேர்ந்த உப்பை உண்பவர் சமைத்த கோசை அளவோடு உண்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தைராய்டு நோய்க்கு மருந்துண்பவர் தம் மருத்துவரின் சொற்படி நடத்தல் நன்று.

இதே வினையின் நற்பயனும் ஆராயப்பட்டு வருகிறது. 1992-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலலே குழுவினர் புரோக்கோலி என்னும் பச்சைப் பூக்கோசில் சல்ஃபோராஃபேன் என்ற ஐசோதயோசயனேட்டைக் கண்டனர். தீய பொருள்களை வெளியேற்ற உடலில் அமைந்துள்ள நொதிகளை அது ஊக்குவிக்கிறது. இதனால் புற்றுநோய் தடைப்படும் என்று மனிதரில் உறுதியாக நிறுவப்படவில்லை. விளம்பரங்களை நம்பி மயங்கலாகாது. ஆனால் சமைக்கும் முறை எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு இதுவே நல்ல எடுத்துக்காட்டு. கோசினத்துக் காய்களை நறுக்கியதும் கொதிநீரில் இட்டால் நொதி உடனே மடிகிறது. கந்தகச் சேர்மமும் கரைந்து வடிநீரோடு போகிறது. நெடுநேரம் வேகவைத்தாலோ, எஞ்சிய கந்தகப் பொருள்கள் மேலும் சிதைந்து, விடுதிச் சமையலறைகளில் நாம் முகர்ந்து முகம் சுளிக்கும் அந்நாற்றத்தைத் தருகின்றன. நறுக்கிச் சிறிது நேரம் வைத்திருந்து, குறைந்த நீரில் அல்லது ஆவியில் சுருக்கமாக வேகவைத்தல் சாலச் சிறந்தது.

நொதி மடிந்துவிட்டால் அதனை வெளியிலிருந்தும் கொடுக்கலாம். இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வேகவைத்த இருநூறு கிராம் புரோக்கோலியோடு ஒரு கிராம் கடுகுப் பொடி சேர்த்து உண்டவர்களின் உடலில் சல்ஃபோராஃபேன் நான்கு மடங்குக்கு மேல் சேர்ந்தது. ஆய்வில் பங்கு பெற்றோர் பன்னிருவரே. ஆயினும் ரசாயன விளக்கம் தெளிவானது. பச்சைக் கடுகுப் பொடியில் உயிரோடிருந்த நொதி, வெந்த காயில் எஞ்சிய சேர்மத்தின் மீது வேலை செய்தது. நாம் கோசுப் பொரியலுக்குத் தாளிக்கும் கடுகால் இப்பயன் விளையாது. அடுப்பிலிருந்து இறக்கி ஆறிய பின் ஒரு சிட்டிகைப் பச்சைக் கடுகுப் பொடி தூவினால் விளையும்.

மனிதர்க்குச் சுவையாவது கால்நடைக்குச் சுமையாகவும் கூடும். எண்ணெய் எடுத்த பின் எஞ்சும் கடுகுப் பிண்ணாக்கு புரதம் மிகுந்தது. ஆனால் குளுக்கோசினோலேட் மிகுதியால் கோழிக்கும் பன்றிக்கும் அது ஒவ்வாது. மாடுகளுக்கும் அளவோடுதான் தரவேண்டும். கனடாவில் 1974-இல் ஸ்டெஃபான்சன் என்பார் இச்சேர்மம் குறைந்த ரேப் வகையை வெளியிட்டார். விதையில் குறைத்தால் இலையிலும் குறைந்து, பூச்சிக்கு இரையாகுமே என்ற இடர்ப்பாடு இருந்தது. தில்லியிலுள்ள தேசியத் தாவர மரபணு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2023-இல் இதற்கு ஒரு வழியைக் காட்டினர். இச்சேர்மத்தை விதைக்குச் சுமந்து செல்லும் புரதங்களுக்குரிய மரபணுக்களை அவர்கள் திருத்தினர். அதனால் நாட்டுக் கடுகின் விதையில் சேர்மம் குறைந்தது. இலையிலோ காவலுக்கு வேண்டிய அளவு நிலைத்தது.

கடுகெண்ணெய் வாங்கும் நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. நெடி மிகுந்திருப்பது தூய்மைக்குச் சான்றாகாது. 1998-இல் தில்லியில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு பலர் உடல் வீங்கி நோயுற்றனர், உயிரிழந்தோரும் உளர். அக்கலப்பை மூக்கினால் அறிய முடியாது. உதிரியாக விற்பதைத் தவிர்த்து, முத்திரையிட்ட எண்ணெயையே வாங்குதல் அறிவுடைமை.

இறுதியாக ஒரு சொல். நம்மில் பலர் இருபது, முப்பது ஆண்டுகள் வெளிமாநிலத்தில் வாழ்ந்தும், அவ்வூர்ச் சமையலின் ஒரு பண்டத்தையேனும் தம் அடுப்பில் ஏற்றாமலே காலம் கழிக்கின்றனர். கல்கத்தாவில் வாழ்பவர் அண்டை வீட்டு அம்மையாரிடம் கடுகு விழுது அரைக்கும் முறையைக் கேட்டறியலாம். உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்துக் குளிர்ந்த நீரில் அரைத்தால் கசப்பு மிகாது என்பதை அவர் சொல்லித் தருவார். அவருக்கு நாம் கடுகு தாளிக்கும் பக்குவத்தைச் சொல்லித் தரலாம்.